நாலரை மணிக்கு மாத்துன லிஸ்ட்

உக்காருங்கம்மா. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. மோர் எடுத்துக்குங்க. உங்க ஊட்டுக்காரரும் பொண்ணும் லேப் பாக்கப் போயிருக்காங்களா? வர்றதுக்கு முக்கா மணி நேரம் ஆகுமுங்க. லேப் ஒண்ணும் அவ்வளவு பெருசு இல்லை. கூட்டிட்டுப் போற சார்தான் பெருசாப் பேசுவார்.

நான் இந்தக் காலேஜ்தானுங்க. பேரு நிரஞ்சனா. ஃபர்ஸ்ட் இயர் இப்பத்தான் முடிஞ்சுது. தெளிவாப் பேசற புள்ளைங்க பத்துப் பேரைப் பொறுக்கி, ஒரே மாதிரி சேலையைக் கட்டச் சொல்லி, கழுத்துல அட்டையை மாட்டி, இந்தப் பந்தல்ல நிறுத்தியிருக்காங்க. பெத்தவங்க கேட்டா சொல்றதுக்கு நாலு விசயம் எழுதியே குடுத்துட்டாங்க. ஹாஸ்டல் சாப்பாடு ஊட்டுச் சாப்பாடாட்ட இருக்கும். சார்மாருங்க பெத்த புள்ளையாட்டப் பாத்துக்குவாங்க. கடைசி வருசம் முடியறதுக்குள்ள கையில வேலை. நாலாவது எனக்கு மறந்துபோச்சு. மூணு போதாதுங்களா?

பொண்ணுக்குக் கட்-ஆஃப் எவ்வளவுங்க? நூத்தி எண்பத்தொண்ணா, நல்ல மார்க்குத்தான். என்ன கோர்ஸ் கேக்குது? கம்ப்யூட்டர். ஆமா, வேற என்ன கேக்கும். காலைல இருந்து என்கிட்ட நாப்பது குடும்பம் வந்திருக்கும். முப்பத்தெட்டு குடும்பம் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. மிச்சம் ரெண்டு குடும்பம் பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அந்த ரெண்டு பேருக்குத்தான் என்ன வேணும்னு தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு.

என்னங்க சொன்னீங்க? பொண்ணும் அதோட சினேகிதப் புள்ளையும் கவுன்சிலிங்குக்கு ஒரே காலேஜ் லிஸ்ட்டுப் போட்டிருக்காங்களா? வரிசையும் ஒண்ணேதானா? சிரிக்கறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. இனி மாத்த முடியாதபடி லாக் பண்ணியாச்சா? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதா. சரி. அந்தப் புள்ளைக்குக் கட்-ஆஃப் எவ்வளவு? உங்க பொண்ணை விட எச்சா, கம்மியா? தெரியாதா? மொதல்ல அதைத் தெரிஞ்சுக்குங்க. சினேகிதம் எல்லாம் அதுக்கப்புறம்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்குங்க. இவங்க எழுதிக் குடுத்ததுல இது இல்லை.

எனக்கு ஊரு திருச்செங்கோடு. பாதி ஊரு போர் போடற ரிக் வண்டி, மீதி ஊரு தறி. எங்கப்பா எட்டுத் தறி ஓட்டறார். யமுனாவோட அப்பா ரிக்கு. முதலாளி எல்லாம் இல்லீங்க, ட்ரில்லர். வருசத்துல எட்டு மாசம் மத்தியப் பிரதேசம், ஆந்திரான்னு வண்டியோட போயிருவார். யமுனாங்கறது என் சினேகிதி. ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்சு. எனக்கு அவ ஹோம்வொர்க் காட்டுவா, அவளுக்கு நான் புத்தி சொல்லுவேன். அப்படியே பன்னெண்டாவது வரைக்கும் ஓடுச்சு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு. அவளுக்கு நூத்தி எண்பத்தஞ்சு. எனக்கு நூத்தி எண்பத்தி நாலரை. அரை மார்க்கு. அரை மார்க்கெல்லாம் ஒரு மார்க்காங்க? பேப்பர் திருத்தற வாத்தியாருக்கு அன்னைக்குத் தலைவலியா இருந்தா அரை மார்க்கு போயிரும். ஆனா ரேங்க் லிஸ்ட்டைப் பாத்தீங்கன்னா அந்த அரை மார்க்குக்குள்ள எழுநூறு பேரு நிக்கறாங்க. எழுநூறு பேரு அவளுக்கும் எனக்கும் நடுவுல. நான் அதைப் பத்திக் கவலைப்படலை. சும்மா எண்ணிப் பாத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன படிக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடம் போனேன், எவ்வளவு வாங்குவேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க, என்ன படிப்பேன்னு ஒருத்தர் கேக்கலை. எங்கப்பாகிட்டப் போய் நானே கேட்டேன். "உனக்கு எது தோணுதோ அதைப் போடு கண்ணு, எனக்கு என்ன தெரியும்"னார். இதைச் சொல்றதுக்கு ஒரு அப்பா வேணுமாங்க? செவுத்துகிட்டக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருக்கும். எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்கார், கம்ப்யூட்டர் எடு, ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கலாம்னார். அவரு ஏசி ரூமையே பேங்க்லதான் பாத்திருக்கார்.

அதனால நானே எறங்கிட்டேன். பத்து நாள். அதுக்கு முந்துன வருசம் எந்தக் காலேஜ்ல எந்தக் கோர்ஸ் எந்த மார்க்குல நின்னுச்சுன்னு அத்தனையும் எழுதி, மூணு கலர் பேனாவுல கோடு போட்டு, ஒரு நோட்டையே ரொப்பிட்டேன். எங்க தெருவுல இன்னும் நாலு புள்ளைங்க அந்த நோட்டை வாங்கிட்டுப் போச்சுங்க. யமுனா அந்தப் பத்து நாளும் என் பக்கத்துல உக்காந்து கல்லக்காய் தொலிச்சுத் தின்னுட்டு இருந்தா. அவளுக்கும் சேத்து நான்தான் லிஸ்ட்டு. ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம், அதான் பேச்சு. சின்னக் காலேஜ் எதுவும் வேண்டாம்னு நல்லதா அஞ்சு காலேஜ் மட்டும் எடுத்து, பதினெட்டு சாய்ஸ் போட்டேன்.

அவ நடு நடுவுல சொல்லுவா, "எனக்கு மெக்கானிக்கல் போடுடி"ன்னு. ஏன்னு கேட்டேன். அவங்கப்பா ஒருக்கா வேலை நடக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாராமா. அந்தக் கம்ப்ரசர் எப்படி அவ்வளவு காத்தை அழுத்துது, அந்தக் காத்து எப்படி எண்ணூறு அடிக்குக் கீழ போய்ப் பாறையை ஒடைக்குது, அதைத் தெரிஞ்சுக்கணுமாமா. தெரிஞ்சு என்ன பண்ணப் போறே, சைக்கிளுக்குக் காத்து அடிக்கப் போறியான்னு கேட்டேன். சிரிச்சுட்டு இருந்தா. அப்புறம் ரெண்டு தடவை சொன்னா. அதுக்கப்புறமும் சொன்னாளோ என்னமோ, நான் கவனிக்கலை. நச்சரிப்புத் தாங்காம பதினாறு, பதினேழு, பதினெட்டுன்னு கடைசியில மூணு மெக்கானிக்கலைப் போட்டு வெச்சேன். நூத்தி எண்பத்தஞ்சு வாங்குனவ அது வரைக்கும் எறங்க மாட்டான்னு எனக்குத் தெரியும்.

எனக்கு என்ன வேணும்னு கேக்கறீங்களா? எனக்கா? எனக்குக் கம்ப்யூட்டர்தானுங்க. வேற என்ன. இல்லீங்க, ஸ்கூல்ல நான் கம்ப்யூட்டர் குரூப் இல்லை, பயாலஜி குரூப்பு. கம்ப்யூட்டர்னா அதுதான எல்லாருக்கும் வேணும். எல்லாருக்கும் வேணுங்கறது நல்லதாத்தான இருக்கும். நீங்க ஏன் இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்கறீங்க, நான் சொல்லிட்டு வர்றேனில்ல.

மொத நாளே நெட் சென்டர்ல பக்கம் பக்கமா உக்காந்து ரெண்டு பேரும் பதினெட்டையும் ஏத்திட்டோம். லாக் மட்டும் பண்ணலை. கடைசி நாள் ஒருக்கா சரி பாத்துட்டுப் பண்ணலாம்னு வெச்சிருந்தோம். கடைசி நாள் அவ, அவங்க மாமா ஊட்டு லேப்டாப்புல பண்ணிக்கறேன்னுட்டா. நான் நாலு மணிக்குத் தனியா நெட் சென்டர் போனேன்.

அங்க இருக்கற அண்ணன் சொன்னார், "கண்ணு, விசயம் தெரியுமா, அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டருக்கு அறுபது சீட்டு எச்சா வந்திருக்குது, இந்த வருசம் மார்க்கு எறங்கும்"னு. அந்தக் காலேஜ்னா இந்தக் காலேஜ், இதா நம்ம உக்காந்திருக்கற இது. அதுக்கு முந்துன வருசம் நூத்தி எண்பத்தெட்டுல நின்னுச்சு. அதனால நான் லிஸ்ட்டுலயே சேக்கலை. இப்ப அறுபது சீட்டு எச்சுன்னா எங்க கேட்டகிரிக்கு எவ்வளவுல வந்து நிக்கும்? நான் அங்கயே கணக்குப் போட்டேன். நூத்தி எண்பத்தஞ்சுகிட்ட வந்து நிக்கும். யமுனா லிஸ்ட்டுல மேல இதைப் போட்டா அவளுக்கு உறுதியாக் கெடைக்கும். எனக்குக் கெடைச்சாலும் கெடைக்கும், போனாலும் போகும். அவளாட்டம் ஒருத்தி எனக்கு முன்னால உள்ள போனா, அந்த ஒரு சீட்டுல எனக்குப் போயிரும்.

போன் கையிலதான் இருந்துச்சு. சார்ஜ் இல்லை. இருந்துச்சுங்க, கம்மியா இருந்துச்சு. இருபது பர்சென்ட். ஒரு போன் பண்றதுக்கு இருபது பர்சென்ட் வேணுமான்னு கேக்காதீங்க. அவ லாக் பண்ணியிருப்பா, இப்பச் சொல்லி என்ன பிரயோசனம்னு நெனச்சேன். அப்படி நெனச்சது தப்புங்களா? நான் எதையும் அழிக்கலை. அவளோடதைத் தொடவே இல்லை. என் லிஸ்ட்டுல மேல ஒரு வரி சேத்துனேன். லாக் பண்ணும்போது மணி நாலரை. அந்த அண்ணன் "உன்கூட வர்ற புள்ளைக்கும் சொல்லிரு"ன்னார். சொல்லிர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சீட்டு வந்துச்சு. இந்தக் காலேஜ், கம்ப்யூட்டர். பின்னாடி ரேங்க் வெளியிட்டாங்க, அதுல பாத்தேன். எங்க கேட்டகிரியில கடைசியா உள்ள வந்தது என்னோட ரேங்குதான். எனக்குப் பின்னாடி கதவைச் சாத்திட்டாங்க. யமுனாவுக்குச் சேலம் பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல். நான் போட்ட லிஸ்ட்டுல பதினேழாவது சாய்ஸ். பதினாறு படி உருண்டு போய் அங்க விழுந்திருக்கா.

ஊரே பேசுச்சு. எண்பத்தி நாலரை வாங்குனவளுக்குக் கம்ப்யூட்டர், எண்பத்தஞ்சு வாங்குனவளுக்கு மெக்கானிக்கல்னு. யமுனா எங்க ஊட்டுக்கு வந்து, "அந்தக் காலேஜ் நம்ம லிஸ்ட்டுல இல்லையே நிரஞ்சு"ன்னா. எங்கப்பா கடைசி நேரத்துல சேத்தச் சொல்லிட்டாருடின்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. ஒரு கேள்வி கேக்கலை. கேட்டிருந்தா நான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். கேக்காதவகிட்ட என்னத்தைச் சொல்றது?

இங்க வந்து சேந்தாச்சு. மொத வாரம் பாடம் கெடையாது. ஒருத்தரை மைக்கோட கூட்டிட்டு வந்தாங்க. தன்னம்பிக்கை ஊட்டறவராமா. கண்ணை மூடுங்க, உங்கம்மா உங்களுக்காகப் பட்ட கஷ்டத்தை நெனைங்கன்னார். ஆயிரம் புள்ளைங்க ஓன்னு அழுகுதுங்க. பசங்க எல்லாம் மூக்கை உறிஞ்சறானுங்க. மத்தியானம் பிரியாணி போட்டதும் அதே பசங்கதான் வரிசையில முட்டிட்டு நின்னானுங்க. நான் அழுகலை. அப்புறம் அந்தாளு, நீங்க ஒருத்தருக்குத் தப்புப் பண்ணியிருப்பீங்க, அவங்க மூஞ்சியை நெனைங்கன்னார். நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். எனக்கு வயிறு சரியில்லைங்க அன்னைக்கு.

கிளாஸ்ல அறுபத்தி நாலு பேரு. எதுக்குடி கம்ப்யூட்டர் எடுத்தேன்னு ஒவ்வொருத்தியாக் கேட்டேன். ஒருத்தி, எங்கண்ணன் எடுத்தான்னா. ஒருத்தி, டாக்டருக்கு மார்க்கு வரலைன்னா. ஒருத்தன், பிரண்டு எடுத்தான், அவன் இப்பக் கோயமுத்தூர்ல வேற காலேஜ்ல இருக்கான்னான். ஆட்டு மந்தையே தேவலைங்க, அதுக்கு முன்னால போற ஆட்டுக்காவது புல்லு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். இதுங்க கூட நாலு வருசம் இருக்கணும்னு நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேந்தா கம்ப்யூட்டர் சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனைக்கறீங்க. மொத வருசம் ஒர்க்ஷாப்னு ஒண்ணு. காக்கிக் கோட்டை மாட்டி விட்டு, ஒரு இரும்புத் துண்டைக் கையில குடுத்து, அரத்தை வெச்சுச் சதுரமாத் தேய்னாங்க. மூணு வாரம் தேய்ச்சேன். கை கொப்பளிச்சுப் போச்சு. அந்தச் சார் வந்து சதுரம் சரியான்னு மூலைமட்டத்தை வெச்சுப் பாத்துட்டு, இடுக்குல வெளிச்சம் தெரியுது, இன்னும் தேய்ங்கறார். கடைசியில துண்டே பாதியாயிருச்சு. அப்புறம் கிராஃபிக்ஸ். பெரிய பலகை, பெரிய தாளு. ஒரு கூம்பைச் சாய்ச்சு வெச்சு வெட்டுனா எப்படி இருக்கும்னு வரையணும். கூம்பை எதுக்குங்க சாய்க்கணும்? அது பாட்டுக்கு நிமுந்து நின்னா என்ன?

அதை யமுனாதான் போன்ல சொல்லிக் குடுத்தா. நான் கேக்கலை, அவளாத்தான் சொன்னா. ஒரு கேரட்டை எடுத்து வெட்டிப் பாருடி, அப்புறம் வரைன்னா. ஹாஸ்டல்ல கேரட்டுக்கு நான் எங்க போறது, மெஸ்ஸுல கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். வெட்டிப் பாத்ததும் தெரிஞ்சுது. அந்த ஒரு பேப்பர்ல எழுபத்தி ரெண்டு வாங்குனேன். மிச்சக் கேரட்டை ரூம்ல எல்லாரும் தின்னுட்டோம்.

ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவளுக்கு நான் கூப்பிடுவேன். ஒரு வாரம் தப்பாம. பாவமுல்ல. அவ கிளாஸ்ல அறுபது பேருல மூணே பொண்ணுங்க. இருந்தாலும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. "லேத்துல மொதத் தடவை கம்பியைக் கடைஞ்சேன்டி, சுருள் சுருளா வந்துச்சு, ஒரு சுருளை எடுத்துப் பென்சில் டப்பாவுல வெச்சிருக்கேன்"னா. எனக்குப் பாவமாப் போச்சுங்க. இரும்புச் சீவலை எடுத்து வெச்சுச் சந்தோசப்படற நெலைமைக்குப் புள்ளையைக் கொண்டாந்துட்டமேன்னு. இன்னொரு நாள், எங்க சார் பழைய கம்ப்ரசரைப் பிரிச்சுக் காட்டுனாருடி, எங்கப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டுனேன்னா. மனசுல இருக்கறதை மறைச்சுக்கிட்டு எவ்வளவு நல்லா நடிக்கறான்னு நெனச்சுக்குவேன்.

மொத செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. எனக்கு ரெண்டு அரியர். ஒண்ணு கணக்கு. இன்னொண்ணு புரோகிராமிங். ஆமாங்க, கம்ப்யூட்டர்தான். சிரிங்க பரவாயில்லை, நானும் உங்களைப் பாத்துச் சிரிச்சனில்ல. அந்த மேடம் போர்டுல எழுதறதை எழுதிட்டு வருவேன், ரெக்கார்டுல காப்பி பண்ணிக் கையெழுத்து வாங்குவேன், மெசின் முன்னால உக்காந்தா வெறும் திரைதான் தெரியும். அவளுக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி ஆறு. மொத வருசம் எல்லாக் கோர்ஸுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடம்தான். சேலம் பக்கம் திருத்தறவங்களுக்கு எளகுன மனசு போல.

எங்கப்பாவுக்கு அரியர் விசயம் தெரியாது. ரிசல்ட்டு நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்.

அதெல்லாம் எனக்குப் பெருசில்லைங்க. எனக்குள்ள ஓடுனது வேற. எப்பப் புத்தகத்தைத் தொறந்தாலும், இது அவ உக்காந்திருக்க வேண்டிய எடம், இதை நாம எடுத்துக்கிட்டோம், அவளா இருந்தா இந்நேரம் இதுல புலியா இருந்திருப்பா, அப்படின்னே ஓடும். எடுத்தது எடுத்தாச்சு, இதுல நின்னு காட்டோணும்னும் ஓடும். அப்பவும் இதை விட்டுட்டுப் போயிரலாம்னு ஒரு நாளும் நெனச்சதில்லை. அத்தனை கஷ்டப்பட்டு, ஒருத்தியைத் தள்ளி விட்டுட்டு வந்து எடுத்தது. அதை எப்படிங்க விடறது?

போன வாரம் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். யமுனா எங்க ஊட்டுக்கு வந்தா. எங்கப்பா தறிக்குப் பக்கத்துல உக்காந்து அத்துப்போன நூலைப் பிணைச்சுட்டு இருந்தார். கரண்டு இல்லை, அதனால தறிச் சத்தம் இல்லை. பேசறது எல்லாருக்கும் கேக்கும். அவ வந்ததும் உக்காரலை. நின்னுக்கிட்டே இருந்தா.

"நிரஞ்சு, உன்கிட்ட ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒரு வருசமாச் சொல்லணும்னு இருக்கேன், வாய் வரலை"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியலை. நான் பண்ணுனதை அவ சொல்ல வர்றாளோன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன்.

"கடைசி நாளு நான் லிஸ்ட்டை மாத்திட்டேன்டி. மத்தியானம் ரெண்டு மணிக்கு. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு மெக்கானிக்கல் மூணை மட்டும் வெச்சு லாக் பண்ணிட்டேன். உன்கிட்டச் சொன்னா விட மாட்டே. ஒரே ரூமுன்னு பேசிட்டு நான்தான் ஒடைச்சேன். உங்கப்பா சொல்லி நீ மாத்துனே, அது வேற. என்னை யாரும் சொல்லலை, நானாத்தான் பண்ணுனேன். நீ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கூப்பிட்டு அக்கறையாக் கேக்கும்போதெல்லாம் எனக்குக் குத்துதுடி"ன்னா.

ரெண்டு மணிக்கு. நான் மாத்துனது நாலரைக்கு.

நான் கேட்டேன். நல்லாத் தெளிவாக் கேட்டேன். "ஏண்டி, எங்க காலேஜ்ல அறுபது சீட்டு எச்சா வந்துச்சே, அது உனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா போட்டிருப்பியா?"

"கம்ப்யூட்டரா? எதுக்கு?"ன்னா.

அவ்வளவுதானுங்க. யோசிக்கக்கூட இல்லை. டீ வேணுமான்னு கேட்டா வேண்டாம்பாங்கல்ல, அந்த மாதிரி.

அப்புறம் எங்கப்பா பக்கம் திரும்பி, "நல்லவேளைங்கப்பா, நீங்க சொல்லி அந்தக் காலேஜைச் சேத்துனீங்க. இல்லாட்டி இவளுக்கு நான் பண்ணுனது பெரிய துரோகமாப் போயிருக்கும்"னா. எங்கப்பா நூலைப் பிணைக்கறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தார். அவருக்கு எந்தக் காலேஜ் எந்த வரிசைன்னு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. அப்புறம், "ஆமாங்கண்ணு, நான்தான் சொன்னேன்"னார். அவருக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதுங்க. மறுபடியும் நூலை எடுத்துக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி வரைக்கும், மறுநாளு நான் பஸ் ஏர்ற வரைக்கும், எதுக்கு அவரு பேரைச் சொன்னேன்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை. பஸ் ஸ்டாண்டுல ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டார். கேட்டிருந்தா நாலு பதில் வெச்சிருந்தேன்.

யமுனாவா? அவ அழுதுட்டா. நான் அவ தோளைத் தொட்டு, சரி விடு, மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன். அவ மூஞ்சியைத் தொடைச்சுட்டு, இப்பத்தான்டி நிம்மதியா இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சா. உனக்குக் கம்ப்யூட்டர் எப்படிப் போகுதுன்னு கேட்டா. சூப்பராப் போகுதுன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சோம். எங்கம்மா வடை போட்டுக் குடுத்தாங்க, அவ மூணு வடை தின்னா.

என்னது? நான் என் விசயத்தைச் சொன்னனான்னா? எதுக்குங்க சொல்லணும்? அவளுக்கு ஒண்ணும் போகலையே. அவ கேட்டது அவளுக்குக் கெடைச்சிருச்சு, சந்தோசமா இருக்கா. போனது எனக்குத்தான.

அதா, உங்க ஊட்டுக்காரர் வர்றார். பொண்ணு போன்ல பேசிட்டு வருது, அந்தச் சினேகிதப் புள்ளைகிட்டயா இருக்கும். இருங்க, எந்திரிக்காதீங்க, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. எனக்குக் கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. மெக்கானிக்கல்தான் வேணும்னு என் கையைப் புடிச்சு ஒரு வார்த்தை அழுத்தமாச் சொல்லியிருந்தா என்ன? அன்னைக்கே வந்து, ஏண்டி என் சீட்டை எடுத்துக்கிட்டேன்னு என் மயித்தைப் புடிச்சு ஆட்டியிருந்தாலாவது, ஆமா எடுத்தேன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு உக்காந்து படிச்சிருப்பேன். ஒரு வருசம் முழுக்க, அவளோடதைப் புடுங்கிட்டு வந்துட்டோம்னு நெனச்சுத்தான் இதைக் கட்டிப் புடிச்சுட்டு இருந்தேன். "எதுக்கு?"ங்கறா. அவளுக்கே இது வேண்டாம்னா, எனக்கு எதுக்குங்கம்மா இது?